நெடும்பட்டியலில் தமிழைத் தேடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட புனைவுக்கான சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியல், அதாவது முதற்கட்டத் தேர்வுப் பட்டியல், வெளியாகும்போதெல்லாம் நம் வாசகர்கள் முதலில் கேட்பது, ‘இதில் தமிழ் இருக்கிறதா?’ என்றுதான். இல்லை என்றதும் ஆதங்கம் பொங்குகிறது. நடுவர்களுக்கு நம் எழுத்து தெரியாது, அவர்கள் ரசனையே வேறு, பட்டியலில் உள்ளவர்களைவிடப் பெரிய எழுத்தாளர்கள் நம்மிடம் உண்டு என்று பேச்சு வளர்கிறது. கடைசிக் கருத்தில் எனக்கும் உடன்பாடுதான். ஆனாலும் அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விடுகிறோம். அந்த ஆண்டு பரிசுக்கு அனுப்பத் தகுதி பெற்ற தமிழ்ப் புத்தகங்கள் எத்தனை? எந்த ஆண்டை எடுத்தாலும் ஒரு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம்.

காரணம் விதியிலேயே இருக்கிறது. புத்தகம் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டிருந்தால் மட்டும் போதாது. பிரிட்டனிலோ அயர்லாந்திலோ உள்ள பதிப்பகம் அதை வெளியிட்டிருக்க வேண்டும். அதுவும் முந்தைய ஆண்டு மே 1 முதல் பரிசு ஆண்டின் ஏப்ரல் 30 வரையிலான காலத்துக்குள் வெளியாக வேண்டும். பரிசுக்கு அனுப்புவதும் அந்தப் பதிப்பகம்தான்; எழுத்தாளரோ மொழிபெயர்ப்பாளரோ நேரடியாக விண்ணப்பிக்க வழியில்லை. சென்னையிலும் டெல்லியிலும் அச்சாகி, அண்ணா சாலைக் கடைகளில் அடுக்கியிருக்கும் அருமையான தமிழ் நாவல்களின் ஆங்கிலப் பதிப்புகள் நடுவர்களின் மேசைக்கே போவதில்லை. 2025-இல் அந்த மேசைக்குப் போனவை 154 புத்தகங்கள். அவற்றிலிருந்துதான் ஐந்து நடுவர்கள் 13-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அனுப்பப்படாத புத்தகத்தை நிராகரித்துவிட்டதாக அவர்கள்மேல் வருத்தப்படுவது சரியில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். அருந்ததி ராய் 1997-இலும் கிரண் தேசாய் 2006-இலும் அரவிந்த் அடிகா 2008-இலும் பெற்றது புக்கர் பரிசு. ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நாவலுக்கானது. 2021-இல் அதன் இறுதிச் சுற்றான குறும்பட்டியல்வரை போன இலங்கைத் தமிழரான அனுக் அருட்பிரகாசமும் ஆங்கிலத்தில் எழுதுபவர்தான். சர்வதேச புக்கர் தனிப் பரிசு. 2005-இல் தொடங்கியபோது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓர் எழுத்தாளரின் ஒட்டுமொத்தப் பங்களிப்புக்காகக் கொடுத்தார்கள். 2016 முதல் ஆண்டுதோறும் ஒரே ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகத்துக்குக் கொடுக்கிறார்கள். பரிசுத் தொகையான 50,000 பவுண்டு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. நம் நாளிதழ்கள் பல நேரம் இரண்டையும் ‘புக்கர்’ என்ற ஒரே பெயரில் போட்டுவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளரின் பெயர் செய்தியில் எங்கும் இருப்பதில்லை. பாதிப் பரிசு பெறுபவரின் பெயரையே விட்டுவிட்டு எழுதும் செய்தி முழுமையான செய்தி ஆகாது. தயவுசெய்து அடுத்த பட்டியலின்போது ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூல மொழி, மூலத்தின் பெயர், அது முதலில் வந்த ஆண்டு, மொழிபெயர்ப்பாளர், பிரிட்டிஷ் பதிப்பகம் ஆகிய ஐந்தையும் போடுங்கள். அந்த ஐந்தும் இருந்தால் பட்டியலை வாசிக்கும் விதமே மாறிவிடும்.

எப்படி என்று சொல்கிறேன். 2023 நெடும்பட்டியலில் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ இருந்தது. சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்ற முதல் தமிழ்ப் புத்தகம் அதுதான். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அனிருத்தன் வாசுதேவன், பிரிட்டனில் வெளியிட்டது புஷ்கின் பிரஸ். இதன் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தமிழில் வந்தது 2013. இந்தியாவில் ஆங்கிலப் பதிப்பு 2016. பிரிட்டிஷ் பதிப்பு 2022. நெடும்பட்டியல் 2023. தமிழ் மூலத்திலிருந்து பத்து ஆண்டு. அதில் ஆறு ஆண்டு, ஆங்கில மொழிபெயர்ப்பு முழுமையாகக் கையில் இருந்தும் பிரிட்டனில் ஒரு பதிப்பு இல்லாமல் கழிந்தவை.

இந்த ஆறு ஆண்டில் நமக்கு ஒரு வருத்தமும் ஒரு நல்ல செய்தியும் இருக்கின்றன. இந்தியாவில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் வந்திருந்தது தடையாக இருக்கவில்லை. பிரிட்டிஷ் பதிப்பு உரிய காலத்துக்குள் வந்தால் போதும். மூல நூல் பழையதாக இருப்பதும் தடையில்லை. 2025 நெடும்பட்டியலில் 2014-இல் அரபியில் வந்த நாவலும், 2015-இல் ருமேனிய மொழியில் வந்த நாவலும் இருந்தன. அப்படியென்றால் கடந்த இருபது ஆண்டில் இந்தியப் பதிப்பகங்கள் வெளியிட்ட தமிழ் நாவல், சிறுகதை மொழிபெயர்ப்புகள் எல்லாம் நம் கையிருப்புதான். மொழிபெயர்ப்புச் செலவும் செய்தாகிவிட்டது, பதிப்பாசிரியரின் கையும் ஒருமுறை பட்டுவிட்டது. குறைவது பிரிட்டனில் ஒரு பதிப்பகம் மட்டுமே. புதிதாக நூறு நூலை மொழிபெயர்க்கத் தொடங்குவதற்கு முன் இந்தக் கையிருப்பிலிருந்து பத்து நூலைக் கடல் தாண்ட வைப்பது விரைவில் பலன் தரும். நான் இந்தக் கடிதம் எழுதுவதே இதைச் சொல்லத்தான்.

கடல் தாண்டுவதில் முதல் முட்டுக்கட்டை உரிமை. வீட்டில் ஏதாவது தமிழ் நாவலின் ஆங்கிலப் பதிப்பு இருந்தால் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் நான்கைந்து வரி இருக்கும். மூலத்தின் பெயரும் ஆண்டும் ஒரு வரி. மூலத்தின் பதிப்புரிமை எழுத்தாளர் பெயரில் ஒரு வரி. மொழிபெயர்ப்பின் பதிப்புரிமை யார் பெயரில் என்று ஒரு வரி. அது மொழிபெயர்ப்பாளர் பெயரில் இருக்கிறதா, பதிப்பகத்தின் பெயரில் இருக்கிறதா என்று கவனியுங்கள். கீழே சில புத்தகங்களில் ‘இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் விற்பனைக்கு’ என்று இருக்கும். அந்த வரி இருந்தால், இங்குள்ள பதிப்பகத்தின் உரிமை இந்த எல்லையோடு நிற்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. பிரிட்டிஷ் உரிமை எழுத்தாளரிடமே இருக்கலாம். வரி இல்லையென்றால், உலகம் முழுவதற்குமான ஆங்கில உரிமையை இந்தியப் பதிப்பகமே வாங்கி வைத்திருக்கலாம். அப்போது பிரிட்டிஷ் பதிப்பகம் இந்தியப் பதிப்பகத்திடம்தான் வாங்க வேண்டும். பக்கத்தில் தெரிவது குறிப்பு மட்டுமே. முடிவு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஒப்பந்தம் என்றால் நம் ஊரில் பெருமூச்சுதான் வருகிறது. தமிழ்ப் பதிப்புலகில் வாய்ப்பேச்சில் முடிந்த உடன்பாடுகள் இன்றும் ஏராளம். மொழிபெயர்ப்பு உரிமை எழுத்தாளரிடமா, தமிழ்ப் பதிப்பாளரிடமா என்று கேட்டால் இருவரும் ‘என்னிடம்தான்’ என்பார்கள். எழுத்தாளர் காலமாகியிருந்தால் வாரிசுகள் மூன்று ஊரில் இருப்பார்கள். லண்டனில் உள்ள பதிப்பாசிரியர் மின்னஞ்சலில் கேட்கும் முதல் கேள்வி உரிமை யாரிடம் என்பதுதான். ஒரு மாதம் பதில் வராவிட்டால் அவர் அடுத்த மொழிக்குப் போய்விடுவார். எழுத்தாளர்கள் உலக ஆங்கில உரிமையை ஒரேயடியாகக் கொடுக்காமல் துணைக்கண்டத்துக்கு மட்டும் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் வெளிநாட்டில் விற்காவிட்டால் அந்தப் பகுதியின் உரிமை தானாகத் திரும்பிவரும் என்று ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு விதி இல்லாமல் முடங்கிக் கிடக்கும் நல்ல மொழிபெயர்ப்புகள் உண்டு.

அடுத்தது, எந்தப் பதிப்பகம் என்பது. இங்கே பலர் பெரிய நிறுவனங்களையே எண்ணுகிறார்கள். பட்டியல்கள் வேறு கதை சொல்கின்றன. கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவலை டெய்ஸி ராக்வெல் மொழிபெயர்ப்பில் பிரிட்டனில் கொண்டுவந்தது டில்டட் ஆக்சிஸ் என்ற சிறு பதிப்பகம். அந்த நாவல் 2022-இல் பரிசு பெற்றது. 2025-இல் பரிசு பெற்ற பானு முஷ்டாக்கின் கன்னடச் சிறுகதைகளை, தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில், வெளியிட்டது ஷெஃபீல்டில் உள்ள அண்ட் அதர் ஸ்டோரீஸ். அந்த ஆண்டுக் குறும்பட்டியலின் ஆறு புத்தகமும் சிறு, சுயேச்சைப் பதிப்பகங்களுடையவை. அப்படி நடந்தது அதுவே முதல்முறை. சல்மாவின் நாவல் ஒன்றை மீனா கந்தசாமி மொழிபெயர்ப்பில் 2020-இல் வெளியிட்டதும் அதே டில்டட் ஆக்சிஸ்தான். நாம் தட்ட வேண்டிய கதவுகள் இவை. சிறுகதைத் தொகுப்புக்கு 2025-இல் முதல்முறையாகப் பரிசு கிடைத்ததையும் தமிழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நம் உரைநடையின் உச்சங்கள் பல சிறுகதையில்தான் இருக்கின்றன.

இந்தப் பதிப்பகங்களுக்கு அனுப்பும் ஆவணத் தொகுப்பில் என்ன இருக்க வேண்டும்? முதலில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் சொல் வரையிலான ஆங்கில மாதிரி. நாவல் என்றால் தொடக்க அத்தியாயமும், நடுவிலிருந்து கதை சூடுபிடிக்கும் ஒரு பகுதியும். பிறகு இரண்டு பக்கக் கதைச்சுருக்கம். இதில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். ‘முடிவை நூலில் காண்க’ என்று எழுதுவது பின்னட்டைக்குச் சரி, பதிப்பாசிரியருக்கு ஆகாது. எழுத்தாளரைப் பற்றிப் பத்து வரி. பொன்னாடை, பட்டங்கள் பட்டியல் தேவையில்லை. எத்தனை பதிப்பு வந்தது, வேறு எந்த மொழிகளில் வந்தது, எந்த விருது பெற்றது என்பது போதும். உரிமை யாரிடம் என்று ஒரு வரி. இவற்றோடு, எழுத்தாளரோ மொழிபெயர்ப்பாளரோ அல்லாத மூன்றாவது ஒருவர் எழுதிய வாசிப்பறிக்கை ஒன்று. இந்தியப் பதிப்பு இருக்கிறது என்றால் மாதிரிக்குப் பதில் அதன் முழுக் கோப்பையே அனுப்பலாம். ஆனால் அந்தப் பதிப்பகத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும்.

தமிழ் மூலக் கோப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் தட்டச்சான பல நூல்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டால், திறந்ததும் கோப்பு முழுக்கக் குறியீடாகத் தெரியும். மாற்றி, மெய்ப்புப் பார்த்து வைத்துக்கொள்வது பதிப்பாளரின் வேலை.

பணம் பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம். பிரிட்டனில் இலக்கிய மொழிபெயர்ப்புக்கு ஆயிரம் சொல்லுக்கு நூறு பவுண்டை ஒட்டி ஊதியம் பேசுகிறார்கள். எண்ணுவது ஆங்கிலச் சொற்களை. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால் நாற்பதாயிரம் சொல் உள்ள தமிழ் நாவல் ஆங்கிலத்தில் அறுபதாயிரத்தை எட்டுவது சாதாரணம். அப்படியென்றால் சுமார் ஆறாயிரம் பவுண்டு. சிறு பதிப்பகத்துக்கு இது பெரிய தொகை. அவர்கள் பிரிட்டனின் எழுத்தாளர் அமைப்பான இங்கிலீஷ் பென்னின் மொழிபெயர்ப்பு நிதிக்கு விண்ணப்பிப்பார்கள். மொழிபெயர்ப்புச் செலவில் 75 விழுக்காடு வரை அது கொடுக்கும். ஆண்டு வரவு ஐந்து லட்சம் பவுண்டுக்குக் குறைவான பதிப்பகத்துக்கு முழுச் செலவையும் கொடுக்க வாய்ப்புண்டு. பானு முஷ்டாக்கின் தொகுப்புக்கு இந்த ஆதரவு கிடைத்தது. விண்ணப்பிப்பவர் பிரிட்டிஷ் பதிப்பகமாக இருக்க வேண்டும் என்பதால் இங்கும் முதலில் பதிப்பகம்தான் வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே மொழிபெயர்த்த நூல் என்றால் இந்த ஆறாயிரம் பவுண்டில் பெரும்பகுதி மிச்சம். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு மீண்டும் வேலை இருக்கிறது. பிரிட்டிஷ் பதிப்பாசிரியர் வரிவரியாகக் கேள்வி கேட்பார். அந்த உழைப்புக்கும், புதிய பதிப்பின் ராயல்டியில் பங்குக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் போடச் சொல்லிக் கேட்பதும் அவரது உரிமை. 2021-இல் இதற்காக ஒரு பெரிய இயக்கமே நடந்து, பல பதிப்பகங்கள் ஏற்றுக்கொண்டன.

நம் அரசு இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. 2023 ஜனவரியில் நந்தனத்தில் சென்னை பன்னாட்டுப் புத்தகக் காட்சியைத் தொடங்கியது. மொழிபெயர்ப்பு மானியம் அறிவித்தது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. பாடநூல் கழகம் தனியார் பதிப்பகங்களோடு சேர்ந்து தமிழ் நூல்களை ஆங்கிலத்தில் கொண்டுவருகிறது. இவை மனமாரப் பாராட்ட வேண்டியவை. அவற்றோடு என் கோரிக்கைகள் சில. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது விருப்பம் தெரிவிக்கும் தாள். அது அச்சான புத்தகமாக மாறுவதற்கு இடையில் உரிமை, மாதிரி, பதிப்பாசிரியர் மூன்றும் இருக்கின்றன. எந்த ஒப்பந்தம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் வெளியிட வேண்டும். மானியத்தில் ஒரு சிறு பகுதியை மாதிரி மொழிபெயர்ப்புகளுக்கென்றே ஒதுக்கினால் நல்லது. பத்தாயிரம் சொல் மாதிரிக்கு ஆகும் செலவு முழு நூலில் ஆறில் ஒரு பங்குதான். ஒரு நாவலின் செலவில் ஆறு எழுத்தாளர்களை லண்டன்வரை கொண்டுபோய்க் காட்டலாம். இந்தியாவில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் வந்த தமிழ்ப் புனைவைப் பிரிட்டனில் மறுபதிப்புச் செய்ய முன்வரும் பதிப்பகத்துக்குத் தனி மானியப் பிரிவு தேவை. பதிப்பகங்கள் ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு முன்னதாகவே தங்கள் வெளியீடுகளை முடிவு செய்துவிடுவதால் மானியத்தின் கெடுவும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் புத்தகம் வர வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் நல்ல பதிப்பகம் ஒன்றும் வராது.

இனி வாசகர்களாகிய நாம். பட்டியலைப் பற்றிப் பேசுவதற்குப் பட்டியலைப் படித்திருக்க வேண்டும் என்பது எளிய எதிர்பார்ப்புதான், ஆனால் நடப்பதில்லை. இணையத்தில் கிடைக்கும் முதல் இருபது பக்கத்தையும் இரண்டு மதிப்புரையையும் வைத்துக்கொண்டு கூட்டம் நடக்கிறது. முழுவதும் படிப்பது கடினம் என்கிறார்கள். கணக்குப் போட்டால் கடினமில்லை. 2025-இல் நெடும்பட்டியல் பிப்ரவரி 25, குறும்பட்டியல் ஏப்ரல் 8. நடுவே சரியாக ஆறு வாரம். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி, 13 பிரதி, 13 உறுப்பினர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரதி கைமாறட்டும். ஆறு வாரத்தில் ஒவ்வொருவரும் மூன்று புத்தகம் படித்திருப்பார்கள், ஒவ்வொரு புத்தகத்தையும் மூன்று பேர் படித்திருப்பார்கள். மூன்று பேர் படித்த புத்தகத்தைப் பற்றித்தான் விவாதம் நடக்கும். ஒருவர் மட்டும் படித்திருந்தால் அது சொற்பொழிவாகிவிடும். சில ஆண்டுகளில் அறுநூறு பக்கத்தைத் தாண்டும் நாவலும் பட்டியலில் இருக்கும். அதற்கு மட்டும் இரண்டு பிரதி வாங்கி, மூன்று வாரம் கொடுங்கள்.

பிரதிக்கு என்ன வழி? பிரிட்டிஷ் பதிப்பு ஒன்று ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகும். முழுப் பட்டியலையும் தனியொருவர் வாங்குவது எளிதல்ல. கன்னிமாரா நூலகம், பதிப்பாளர்கள் பிரதி ஒப்படைக்க வேண்டும் என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களைப் பெறுகிறது. வெளிநாட்டுப் பதிப்பு அந்தச் சட்டத்தின் வழியாக வராது. எனவே இந்தியப் பதிப்பு வந்த புத்தகங்களை அங்கே கேட்கலாம், மற்றவற்றை விலைக்குத்தான் வாங்க வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆண்டுதோறும் நெடும்பட்டியல் வெளியான வாரத்திலேயே இரண்டு தொகுதி வாங்கி, ஒன்றை இரவல் கொடுக்கவும் ஏற்பாடு செய்தால் நகரத்தின் வாசகர் வட்டங்கள் அத்தனைக்கும் அது பயன்படும். அந்த அளவு பணம் நூலகத்துக்குப் பெரிதல்ல.

கூட்டத்தில் நேரத்தைத் தின்னும் பேச்சுகள் எவை என்று அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும்: யார் வெல்வார் என்ற ஆரூடம், எழுத்தாளரின் அரசியல், தமிழில் இதைவிட நல்லது இருக்கிறது என்ற ஒப்பீடு. முதல் பத்து நிமிடம் கருத்தே சொல்லாமல், கதையை யார் சொல்கிறார், எந்தக் காலத்திலிருந்து சொல்கிறார், என்ன நடக்கிறது என்று மட்டும் ஒருவர் சொல்லட்டும். பிறகு மூவரும் ஆளுக்கு ஒரு பக்கத்தை உரக்க வாசித்துவிட்டு அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் பேசட்டும். மூல மொழி தெரியாதபோது மொழிபெயர்ப்பைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்று சிலர் தயங்குகிறார்கள். நிறையச் சொல்லலாம். பாட்டியும் பேத்தியும் ஒரே குரலில் பேசுகிறார்களா, ஊர்ப் பேச்சு எங்காவது கேட்கிறதா, உணவுக்கும் உறவுக்கும் அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தீபா பாஸ்தி கன்னடச் சொற்களைச் சாய்வெழுத்தில் போடாமல், அடிக்குறிப்பும் இல்லாமல் விட்டு, அதற்கான காரணத்தை நூலின் இறுதியில் ஒரு குறிப்பாகவே எழுதியிருக்கிறார். தமிழிலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

இப்படி ஓர் ஆண்டு படித்த வாசகர் வட்டத்துக்கு, பிரிட்டிஷ் பதிப்பகங்கள் எதைத் தேடுகின்றன என்பது பிடிபட்டுவிடும். அந்த வட்டமே மேலே சொன்ன வாசிப்பறிக்கையை எழுதலாம். ஆங்கிலத்தில் வந்திருக்கும் தமிழ் நாவல் ஒன்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்த இருவர் சேர்ந்து எழுதட்டும். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். முதல் பத்தியில் கதை, இரண்டாவதில் எழுத்து நடை, மூன்றாவதில் மொழிபெயர்ப்பு எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்பது. குறைகளையும் எழுதுங்கள். புகழ்ச்சி மட்டும் உள்ள அறிக்கையைப் பதிப்பாசிரியர்கள் ஓரமாக வைத்துவிடுவார்கள். தமிழ் வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் தெரியாத வாசகருக்கு நாவலில் எது புரியாமல் போகும் என்று ஒரு வரி இருக்கட்டும். அறிக்கையின் தலைப்பில் தமிழ்ப் பதிப்பின் ஆண்டு, இந்திய ஆங்கிலப் பதிப்பின் ஆண்டு, பிரிட்டிஷ் உரிமை யாரிடம் இருக்கிறது, அவரைத் தொடர்புகொள்ளும் மின்னஞ்சல் ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நூலக வாசகர் வட்ட உறுப்பினர்,
சென்னை – 85